ஜலீல் பாயின் ஒரு சாண் வாசல்

என் பேத்தி பிறந்து இன்றைக்கு இருபத்து மூன்று நாள். மூன்று கிலோ இருநூறு கிராம். அழுதால் எதிர்வீடு வரைக்கும் கேட்கிறது. மூக்கு அப்படியே என் மூக்கு. இல்லை என்று என் சம்சாரம் அஞ்சலை சொல்கிறாள், சொல்லிவிட்டுப் போகட்டும். பார்க்க வருகிறவர்கள், "அப்பிச்சிக்குக் கால் தரையில பாவமாட்டேங்குதே" என்று என்னைக் கேலி பண்ணுகிறார்கள். பண்ணட்டும். பாவவில்லைதான்.

இந்தக் குழந்தையைப் பெற்றவள் என் மகள் வேணி. வேணி பிறந்தபோது என்ன எடை என்று எங்களுக்குத் தெரியாது. தேயிலைக் கொழுந்து நிறுக்கிற தராசு பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதில் பிள்ளையைப் போட யாருக்கும் மனசு வரவில்லை. என் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கினாள், அவ்வளவுதான் தெரியும். அவள் பிழைத்து, வளர்ந்து, இன்றைக்கு ஒரு பிள்ளையைப் பெற்றிருக்கிறாள் என்றால் அதற்கு ஒரு மனிதர் காரணம். அவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நான் நாலாவது வரைக்கும் படித்தவன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அவர் பெயர் ஜலீல். குன்னூர் கீழ்க் கடைவீதியில் ஸ்டவ் ரிப்பேர் கடை வைத்திருந்தார். கடை என்றால் ஒரு ஆள் காலை நீட்டினால் தெருவில் இடிக்கும், அவ்வளவு அகலம். பம்ப் ஸ்டவ் எரியும் சத்தத்தை வைத்தே அதற்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவார். "ஏப்பா, இது ஸ்டவ்வா, சளி புடிச்ச எருமையா? வாஷர் செத்துப் போச்சு" என்பார். பெண்கள் ஸ்டவ்வைக் கொண்டுவந்தால் திட்டுவதற்கு முன் உட்காரப் பலகை போடுவார். பிறகு திட்டுவார்.

கடைக்கு மேலே பரணில் வேறொரு தொழில் இருந்தது. வெலிங்டன் பட்டாளத்தில் கழித்துக் கட்டிய கூடாரங்கள், கம்பளிகள், ஸ்டவ்கள் ஏலத்துக்கு வரும்போது எடுத்துக்கொண்டு வருவார். கிழிசலைத் தைத்து, கயிறு மாற்றி, முதுகில் சுமந்து மலையேறப் போகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவார். காலேஜ் பையன்கள் வருவார்கள், மீன் பிடிக்கப் போகிற துரைமார்களும் வருவார்கள். வெள்ளைக்காரப் பயணிகள் ஊருக்குத் திரும்பும்போது தங்கள் சாமானை அவரிடமே விட்டுவிட்டுப் போவதும் உண்டு. எந்தச் சாமானைக் கொடுத்தாலும் அவர் சொல்வது ஒன்றே ஒன்று: "கூடாரத்துக்குள்ள நெருப்பு ஆகாது. எவ்வளவு கூதலானாலும் ஆகாது. வாசல்ல ஒரு சாண் தொறந்தே இருக்கோணும்." அதைத் திருப்பிச் சொன்னால்தான் சாமான் கைக்கு வரும். காலேஜ் பையன்கள் சிரித்துக்கொண்டே ஒப்பிப்பார்கள். நானும் ஒருநாள் கடையில் நின்று அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

அப்போது நான் அருவங்காடு தொழிற்சாலையில் கூலிக்காரன். அஞ்சலை கருங்கல்மட்டம் எஸ்டேட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். குன்னூரிலிருந்து பதினோரு மைல். வாரம் ஒருநாள் லீவுக்கு எஸ்டேட் ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீட்டுக்கு நான் போய்வருவேன். அவளுக்கு எட்டாம் மாதம். அடுத்த வாரம் பிரசவத்துக்குக் குன்னூருக்குக் கூட்டிவந்துவிடலாம் என்று பேசியிருந்தோம்.

எழுபதுகளின் கடைசி. ஐப்பசி மழை விடாமல் நாலு நாள் பெய்தது. மலை இளகிப் போனது. எஸ்டேட் ரோடு மூன்று இடத்தில் சரிந்து, பஸ் நின்றது. ஐந்தாம் நாள் காலையில் கொழுந்து லாரி கிளீனர் சகாயம் உடம்பெல்லாம் சேறாக, நடந்தே குன்னூருக்கு வந்து சேர்ந்தான். என்னைப் பார்த்ததும் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"லைன் செவுரு பூராம் வெடிச்சுப் போச்சு கந்தப்பா. எல்லாரையும் கொழுந்துக் கொட்டாய்ல ஏத்தி வெச்சிருக்கறாங்க. உன்ற சம்சாரத்துக்கு நேத்துச் சாயங்காலமே வலி வந்து... பொம்பளப் புள்ள. சின்னது. ரொம்பச் சின்னது."

"உசுரு?"

"நான் கெளம்பறப்ப இருந்துச்சு."

இருந்துச்சு என்று சொன்னானே, அந்த வார்த்தை என் காதிலேயே நின்றுவிட்டது.

கொழுந்துக் கொட்டாய் எனக்குத் தெரியும். மேலே தகரம், நாலு பக்கமும் திறப்பு. சாதாரண நாளிலேயே அங்கே நின்றால் பல் தந்தியடிக்கும். விறகு ஒரு குச்சி காய்ந்திருக்காது. எட்டு மாதத்தில் பிறந்த பிள்ளை அங்கே எத்தனை மணி நேரம் தாங்கும்? நான் ஜலீல் பாய் கடைக்கு ஓடினேன்.

"பாய், ஒரு கூடாரம் குடுங்க. பெருசாக் குடுங்க. ஒரு ஸ்டவ்வும் வேணும்."

விஷயத்தைக் கேட்டார். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "யாரு சுமக்கறது?" என்றார்.

"நான்தானுங்க."

"பட்டாளத்துப் பெரிய டென்ட்டு காஞ்சிருந்தாலே ஒரு மூட்டை சிமெண்டு கனம். நனைஞ்சா ரெண்டு எருமை. பாதி வழியில நீயும் அதுவும் சேர்ந்து படுத்துக்குவீங்க." பரண்மேல் ஏறிக்கொண்டே பேசினார். நைலான் கூடாரம் ஒன்றை எடுத்துக் கையில் எடை பார்த்தார். ஒரு வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போனது, துண்டு போல லேசாக இருந்தது. "இது போட்டோ புடிக்கறதுக்கு. இந்தக் காத்துக்குப் பட்டமாப் பறந்துரும்." அதை எறிந்தார். கடைசியாக இரண்டு ஆள் படுக்கிற காக்கிக் கூடாரம் ஒன்றை இழுத்தார். அதற்கு மேலே போர்த்துவதற்குத் தனியாக இன்னொரு துணி இருந்தது. "ரெட்டைத் துணி. மேல் துணி நனையும், உள் துணி நனையாது. முன்னால அந்த மேல் துணி ஒரு முழம் நீட்டிக்கிட்டு நிக்கும் பாரு, அதுக்கு அடியிலதான் நமக்கு அடுப்பு."

நமக்கு என்று அவர் சொன்னதை அப்போது நான் கவனிக்கவில்லை.

ஸ்டவ்விலும் அதே கதைதான். சின்ன கேஸ் ஸ்டவ் ஒன்று இருந்தது, உள்ளங்கை அளவு. அதை நான் எடுத்தேன். பிடுங்கி வைத்தார். "பாதி டப்பாதான் இருக்குது. தீந்து போனா மலைமேல எவன் ஊட்ல போயி வாங்குவ?" பட்டாளத்துப் பெட்ரோல் ஸ்டவ்வைக் காட்டினேன். "பச்சப்புள்ளக்காரிக்குப் பக்கத்துல பெட்ரோலா? உனக்குப் புத்தி கித்தி இருக்குதா?" பித்தளைப் பம்ப் ஸ்டவ் ஒன்றைத் துடைத்துச் சாக்கில் கட்டினார். நாலு லிட்டர் சீமெண்ணெய், இரண்டு ஸ்டவ் பின், ஒரு வாஷர், ஸ்டவ்வைச் சூடேற்ற ஒரு பாட்டில் ஸ்பிரிட், மூடி இறுகுகிற சர்பத் பாட்டில் நாலு, கம்பளிக் காலுறை நாலு ஜோடி.

"பாட்டிலும் காலுறையும் எதுக்குங்க பாய்?"

"அப்புறம் சொல்றேன். ஸ்பிரிட்டைத் துணியில சுத்தி உள்ள வெய்யி, வெளிய கட்டாத." சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டுப் பழைய பட்டாள பூட்ஸை மாட்டினார். பின்பக்கம் வீட்டைப் பார்த்து, "மஜீதா, நான் வர ரெண்டு மூணு நாளாகும்" என்று கத்தினார்.

உள்ளேயிருந்து அவர் மனைவி கேட்டார்: "எங்கைங்க இந்த மழையில?"

"குளிருல ஒரு கொழந்த கெடக்குதாம்."

அந்த அம்மா ஒரு கம்பளியையும் பொட்டலம் கட்டிய ரொட்டியையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

நடந்தோம். ரோடு இருந்த இடத்தில் ரோடு இல்லை. தேயிலைக்குள் புகுந்து, சோலைக்காட்டுக்குள் ஏறி இறங்கி, சேற்றில் முழங்கால் வரை புதைந்து போனோம். ஜலீல் பாய்க்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். முன்னால் போய்க்கொண்டே இருந்தார். மூன்றாவது சரிவில் எனக்குக் கால் வழுக்கியது. பத்தடி உருண்டு ஒரு தேயிலைச் செடியில் மாட்டி நின்றேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஸ்பிரிட் வாசனை குப்பென்று வந்தது. அவசரத்தில் நான் பாட்டிலைப் பைக்கு வெளியேதான் கட்டியிருந்தேன்.

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். உடைந்த பாட்டில் கழுத்தை எடுத்துப் பார்த்தார். தூக்கி எறிந்தார். "நட" என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

சாயங்காலம் கொட்டாய்க்குப் போய்ச் சேர்ந்தோம். முப்பது குடும்பம் இருமிக்கொண்டு, குந்திக்கொண்டு இருந்தது. தராசுக்குப் பக்கத்தில் சாக்கின்மேல் அஞ்சலை கிடந்தாள். உதடெல்லாம் வெள்ளை. ரத்தப்போக்கு இன்னும் நிற்கவில்லை. பிரசவம் பார்த்த மருதாம்பாள் அக்கா பிள்ளையைத் தன் சேலைக்குள் வைத்திருந்தார். நான் தொட்டுப் பார்த்தேன். "காலு காலையில கொழாயில வர்ற தண்ணி மாதிரி இருக்குதுங்க பாய்" என்றேன்.

"கொண்டாந்துட்டீங்களா?" என்றாள் அஞ்சலை. எதை என்று அவளுக்கே தெரியாது.

ஜலீல் பாய் பிள்ளையைக் கையில் வாங்கவில்லை. குனிந்து அதன் உள்ளங்காலைத் தன் கன்னத்தில் ஒட்டிப் பார்த்தார். பிறகு என்னை இழுத்துக்கொண்டு வெளியே போனார். சமதரையாக ஒரு இடம் இருந்தது, அங்கே அடிக்கலாம் என்றேன். "ராத்திரி அது குளமாயிரும்" என்றார். சில்வர் ஓக் மரத்தடியைக் காட்டினேன். "கொம்பு முறிஞ்சு விழும்" என்றார். மண் திட்டை ஒட்டியா என்று கேட்டேன். "வழியெல்லாம் சரிஞ்சு கெடந்ததப் பாத்தியில்ல?" என்றார். தேயிலைக்கு நடுவில் ஒரு பாறை, பாறைக்குக் காற்றடிக்காத பக்கம் ஒரு மேடு. அங்கேதான் முளை அடித்தார். சுற்றிலும் ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டினோம். கொட்டாயிலிருந்து யாரோ, "பாய் மேட்டு மேல பங்களா கட்டறாருடோய்" என்று சத்தம் போட்டார்கள். ஐந்து நாளில் அங்கே கேட்ட முதல் சிரிப்பு அதுதான் என்று அஞ்சலை பிறகு சொன்னாள்.

தரையில் தேயிலைச் செடியிலிருந்து கவாத்து வெட்டிப்போட்ட குச்சியை அடுக்கி, அதன்மேல் சாக்கு, அதன்மேல் கம்பளி போட்டார். "மேல எத்தன போத்துனாலும் பத்தாது. கீழ இருந்து வர்ற கூதல்தான் ஆளக் கொல்லும்." அஞ்சலையைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கவைத்தோம். பிள்ளையை அவள் மார்பில் தோலோடு தோலாகப் போட்டு மேலே கம்பளியால் மூடச் சொல்லிவிட்டு அவர் வெளியே திரும்பி உட்கார்ந்துகொண்டார். மருதாம்பாள் அக்காதான் உள்ளே எல்லாம் பார்த்தார்.

ஸ்டவ் பற்றவில்லை. பம்ப் ஸ்டவ்வுக்கு முதலில் பர்னர் நன்றாகச் சூடேற வேண்டும், அதற்குத்தான் ஸ்பிரிட். சூடேறாமல் பம்ப் அடித்தால் சீமெண்ணெய் சீறிக்கொண்டு மஞ்சள் நெருப்பாக ஆள் உயரத்துக்கு எழும்பும். துணியில் சீமெண்ணெய் நனைத்து முயன்றார். ஈரக்காற்று அணைத்தது. நான் உடைத்த பாட்டிலுக்குப் பதிலாக அவர் தீக்குச்சியை ஒவ்வொன்றாகக் கிழித்துக்கொண்டிருந்தார். பெட்டியில் பதினோரு குச்சி இருந்தது. எண்ணிக்கொண்டே இருந்தேன். ஏழு ஆனது.

அப்போது மருதாம்பாள் அக்கா தன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தார். யூக்கலிப்டஸ் தைலம். ஜலீல் பாய் மூக்கை உறிஞ்சினார்.

"அக்கா, அந்தக் குப்பியக் குடுங்க."

"ஏனுங்க பாய், உங்களுக்கும் மூட்டு வலியா?"

"ஸ்டவ்வுக்குங்க."

தைலத்தில் பஞ்சை நனைத்துப் பர்னரைச் சுற்றி வைத்துப் பற்றவைத்தார். கரும்புகை வந்தது. ஆனால் அணையவில்லை. பஞ்சு எரிந்து முடியும் நேரத்தில் பம்ப் அடித்தார். நீலமாக, உர்ரென்று பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்துக்கு நான் அழுதுவிட்டேன்.

சர்பத் பாட்டில் எதற்கு என்று அப்போதுதான் தெரிந்தது. வெந்நீரை ஊற்றி, மூடி, கம்பளிக் காலுறைக்குள் நுழைத்து, மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்து, பிள்ளைக்கு இரண்டு பக்கமும் இரண்டு வைப்பார். அது ஆறுவதற்குள் அடுத்த இரண்டு தயாராக இருக்கும். ஒரு மணிக்கொரு தடவை குனிந்து, உள்ளங்காலைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். விடியும்போது, "தண்ணிக் குழாய் இப்பக் கொஞ்சம் வெதுவெதுங்குது" என்றார். பிள்ளை பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் போட்டது. பஞ்சில் நனைத்துத் தாய்ப்பாலை ஒவ்வொரு சொட்டாக விட்டார்கள்.

வாசல் துணியை மட்டும் மூட விடவில்லை. ஒரு சாண் திறந்தே இருந்தது. அதன் வழியாகச் சாரலும் குளிரும் உள்ளே வந்தது. "எதுக்குங்க பாய்?" என்று கேட்டதற்கு, "உள்ள உடற மூச்சே மேல போயித் தண்ணியாச் சொட்டும். கம்பளி நனைஞ்சா முடிஞ்சுது" என்றார். நெருப்பு ஏன் உள்ளே ஆகாது என்று நான் கேட்கவில்லை. துணியில் தீப்பிடித்துவிடும், வேறென்ன?

மறுநாள் மத்தியானம் மழை வலுத்தது. ரோடு திறக்க இன்னும் இரண்டு நாள் ஆகும் என்று சேதி வந்தது. சீமெண்ணெய் டின்னில் நாலு விரல் உயரம்தான் மிச்சம். ஜலீல் பாய் டின்னை ஆட்டி ஆட்டிப் பார்த்தார். "இனி ரெண்டு மணிக்கு ஒருக்காத்தான்" என்று ஸ்டவ்வை அணைத்தார். ஒன்றரை நாளாகக் கண் மூடாத மனிதர். கொட்டாய்த் தூணில் சாய்ந்தவர் அப்படியே வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டார்.

பாட்டில்கள் ஆறிப் போயின. பிள்ளையின் கால் மறுபடி சில்லிட்டது. நான் ஜலீல் பாயை எழுப்பப் போனேன். அந்த முகத்தைப் பார்த்து மனசு வரவில்லை. மருதாம்பாள் அக்காவும் இன்னும் இரண்டு பெண்களும் வந்து நின்றார்கள்.

"பெத்தவளுக்குக் கட்டிலுக்கு அடியில கணப்புச் சட்டி வெக்காம எந்த ஊருல வெச்சிருக்கறாங்க? கதவத் தொறந்து போட்டுப் பச்சப்புள்ளயக் காத்துல கெடத்தியிருக்கறாரு உங்க பாய்" என்றார் அக்கா. "டீக்கடையில இருந்து அர மூட்ட கரி எடுத்தாந்து கொட்டாய்ப் பரண் மேல வெச்சிருக்கறேன். காஞ்ச கரி."

அவர் சொன்னதில் தப்பில்லை. எங்கள் அம்மாவும் அப்படித்தான் செய்தார். மலையில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். பிள்ளை பெற்ற அறையில் ஜன்னல் சாத்தி, கதவு சாத்தி, சந்துக்குத் துணி அடைத்து, கட்டிலுக்கடியில் கரி கனிந்துகொண்டிருக்கும். நான் யோசித்துத்தான் செய்தேன். பாய்க்கு நெருப்பென்றால் பயம். ஆனால் கனிந்த கரியில் சுவாலை ஏது? புகை ஏது? வெளியே வைத்து விசிறி, புகையெல்லாம் அடங்கி, மேலே சாம்பல் பூத்த பிறகுதான் சட்டியை உள்ளே வைத்தேன். துணி படாமல் நடுவில் ஒரு கல்மேல் வைத்தேன். பிறகு அந்த ஒரு சாண் வாசலைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினேன்.

உள்ளே சூடு பரவியது. அஞ்சலை அத்தனை நாளில் முதன்முறையாகக் காலை நீட்டிப் படுத்தாள். நான் வெளியே சாரலில் உட்கார்ந்து, இதை நேற்றே செய்திருக்கலாமே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "ஏனுங்க, தலை கனக்குதுங்க" என்றாள் உள்ளேயிருந்து. ரத்தம் போன உடம்பு, கனக்கத்தான் செய்யும், தூங்கு என்றேன். துணியை விலக்கிப் பிள்ளையைப் பார்த்தேன். முகம் நன்றாகச் சிவந்திருந்தது. சூடு ஏறிவிட்டது என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். மறுபடி கயிற்றை இறுக்கினேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பின்னால் ஜலீல் பாயின் குரல்.

"எவன்டா வாசலக் கட்டுனது?"

"நான்தானுங்க பாய். கரிதான் வெச்சேன், புகையே இல்லைங்க..."

அவர் கயிற்றை அவிழ்க்கவில்லை. இடுப்புக் கத்தியால் கூடாரத்தை ஒரே இழுப்பாகக் கிழித்தார். பிள்ளையை எடுத்து என் கையில் எறிவது போலக் கொடுத்தார். அஞ்சலையைக் கக்கத்தில் கைகொடுத்து மழைக்குள் இழுத்துப் போட்டார். அவள் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது, கண் திறக்கவில்லை. "அஞ்சல! அஞ்சல! எந்திரி கண்ணு!" என்று கன்னத்தில் அறைந்தார். மருதாம்பாள் அக்கா ஓடிவந்து மார்பில் அடித்துக்கொண்டார்.

என் கையில் பிள்ளை துணி மாதிரிக் கிடந்தது. சிவப்பாக, அழகாக, அசையாமல்.

"ஊது!" என்று அவர் என்னைப் பார்த்துக் கத்தினார். "வாயையும் மூக்கையும் சேத்து ஊது! மெதுவா!"

ஊதினேன். என் கன்னம் நிறைகிற காற்றுகூட அதற்கு அதிகம். எந்தச் சாமியையும் நான் கூப்பிடவில்லை. யாரையும் கூப்பிட எனக்கு முகம் இல்லை. அஞ்சலை வாந்தி எடுத்தாள். அந்தச் சத்தம் கேட்டது. பிள்ளையிடம் ஒன்றும் இல்லை. ஊதினேன். மழை அதன் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. துடைக்கக்கூடக் கை இல்லை. மறுபடி ஊதினேன். அதன் வயிறு ஒரு தடவை தானாக ஏறியது. இறங்கியது. ரொம்ப நேரம் கழித்து இன்னொன்று. பிறகு அந்தப் பூனைக்குட்டிச் சத்தம்.

ஜலீல் பாய் சேற்றில் உட்கார்ந்திருந்தார். பிள்ளையை என் சட்டைக்குள் விட்டுக்கொண்டு நான் அவர் காலில் விழப் போனேன். தடுத்தார்.

"எனக்குத் தம்பி ஒருத்தன் இருந்தான். அயூப்" என்றார். "ஊட்டி மார்க்கெட்டுல மூட்டை ஏத்த ரெண்டு பேரும் போயிருந்தோம். தை மாசம், பனி கொட்டுது. ரூமு எடுத்துக் கரிச்சட்டி வெச்சுட்டு, கதவச் சாத்தி, அடியில சாக்க அடைச்சேன். அவனுக்குக் கூதல் தாங்காதுன்னு அடைச்சேன். நான் வெளிய லாரியில படுத்துக்கிட்டேன், மூட்டைக்குக் காவல். காலையில போயிப் பாத்தா மொகம் செவப்பா இருக்குது. தூங்கறான்னு நெனச்சு டீ வாங்கிட்டு வந்து எழுப்புனேன்."

முகத்தில் வழிந்த மழையைத் துடைத்துக்கொண்டார்.

"காரணத்த எவன்கிட்டயும் சொன்னதில்ல. ஆகாதுன்னு மட்டும் சொல்லிட்டுக் கெடந்தேன். புகை தெரிஞ்சா மனுசன் ஓடிருவான் கந்தப்பா. புகை அடங்குன பொறவு வர்ற நஞ்சுக்கு வாசனையும் இல்ல. உங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கோணும்."

மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

எழுந்தார். கரிச்சட்டியைப் பார்த்தார். "எத்தன கரி இருக்குது?" என்றார்.

"அர மூட்டைங்க."

"அர மூட்டையா? எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"வேண்டாம்பீங்கன்னு..."

"உள்ளதான வேண்டாம்னேன்! வெளிய வெச்சுத் தண்ணி காய வெக்க நானே கும்புட்டு வாங்கியிருப்பேனே. அந்தச் சீமெண்ணெய நாலு விரலு நாலு விரலுன்னு அளந்துட்டிருந்தேனே, பாவி."

மேல் துணி நீட்டிக்கொண்டிருந்த அந்த ஒரு முழத்துக்கு அடியில், வாசலைவிட்டுத் தள்ளி, சட்டியை வைத்தார். காற்று நாலு பக்கமும் புகுந்து வெளியேறியது. அதன்மேல் தண்ணீர் கொதித்தது. கிழித்த இடத்தைச் சாக்கு ஊசியால் அவரே தைத்தார், ஒரு சாண் மட்டும் விட்டுவிட்டு. அந்த அரை மூட்டைக் கரி, அடுத்த இரண்டு நாள் ஒரு பாட்டில்கூட ஆறவிடவில்லை. இரவும் பகலும் நான் சட்டிக்குப் பக்கத்தில் இருந்தேன். தூங்கச் சொன்னார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகு பல வருஷம் எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. பிள்ளை சிவந்தாற்போல் தெரிந்தால் எழுப்பி அழவைத்துவிடுவேன்.

நாலாம் நாள் ஆட்கள் மூங்கிலில் தூளி கட்டிக்கொண்டு வந்தார்கள். அஞ்சலையைத் தூக்கிக்கொண்டு போனோம். பிள்ளை என் சட்டைக்குள், இரண்டு பக்கமும் காலுறை போட்ட சர்பத் பாட்டிலோடு வந்தது. ஆஸ்பத்திரியில் முப்பத்தெட்டு நாள் வைத்திருந்தார்கள். வேணி பிழைத்தாள்.

ஜலீல் பாய் கடையில் அதற்குப் பிறகு ஒரு மாற்றம் இருந்தது. கூடாரம் வாங்க வருகிறவர்களை உட்காரவைத்து அயூப்பின் கதையை முழுசாகச் சொல்வார். சிரித்துக்கொண்டே வந்த பையன்கள் சிரிக்காமல் போவார்கள். பம்ப் ஸ்டவ் காலம் போய்க் கேஸ் வந்தது. கடையை மூடிவிட்டார். இப்போது எழுபது தாண்டிவிட்டது. கண்ணில் புரை. படி இறங்கி வர முடியாது.

அதனால் போன வெள்ளிக்கிழமை நாங்களே பேத்தியைத் தூக்கிக்கொண்டு போனோம். மஜீதா அம்மா வாசலிலேயே பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டார். ஜலீல் பாய் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"யாரு?"

"கந்தப்பனுங்க பாய். வேணிக்குப் புள்ள பொறந்திருக்குது."

"எத்தன கிலோ?"

"மூணு கிலோ எரநூறுங்க."

"அடேயப்பா, தராசுல வெச்சுப் பாத்தீங்களா?" என்று சிரித்தார். கையை நீட்டினார். பிள்ளையைக் கையில் வாங்கவில்லை. தடவித் தடவி அதன் காலைத் தேடிப் பிடித்து, உள்ளங்காலைத் தன் கன்னத்தில் ஒட்டிவைத்துக்கொண்டார். வேணி என்னைப் பார்த்தாள். அவளுக்கு இந்தக் கதை தெரியும். ஆனால் அவர் காலைக் கன்னத்தில் ஒட்டிப் பார்ப்பதை அவள் இப்போதுதான் பார்க்கிறாள்.

"சூடு இருக்குது" என்றார்.

அன்றைக்கு நல்ல மூடுபனி. பிள்ளைக்குக் குளிரும் என்று மஜீதா அம்மா ஜன்னலைச் சாத்தப் போனார். கொக்கி மாட்டுகிற சத்தம் கேட்டதும் ஜலீல் பாய் தலையைத் திருப்பினார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்து போய், ஜன்னலை ஒரு சாண் திறந்துவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.